வீட்டு பிரஷர் மெஷின்: பெட்டியைவிடப் பட்டைதான் முக்கியம்

"மெஷின் தப்பாகக் காட்டுது" என்று ஓரமாகத் தூக்கிப் போடப்படும் பி.பி. மெஷின்கள் பலவற்றில் மெஷினில் கோளாறே இருக்காது. கோளாறு கையில் சுற்றும் பட்டையில்.

பல மாடல்களோடு வருவது 22 முதல் 32 செ.மீ. வரையுள்ள கைக்கான பட்டை. தையல் டேப்பால் புஜத்தின் நடுவில் அளந்து பாருங்கள். 35 செ.மீ. கையில் அதை இழுத்துக் கட்டினால் மேல் அளவு கூடித்தான் வரும். 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு சைஸ் சிறிய பட்டைக்குச் சராசரியாக 5 பாயிண்டும், இரண்டு சைஸ் சிறியதற்கு ஏறக்குறைய 20 பாயிண்டும் கூடின. இல்லாத பிரஷருக்கு மாத்திரை கூட்ட அது போதும். 22–42 பட்டை தனியாகக் கிடைக்கிறது. அதே கம்பெனியின், அதே மாடலுக்கானதையே வாங்குங்கள். பட்டையில் எழும் காற்றுத் துடிப்பை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. பட்டை மாறினால் கணக்கும் மாறும். அளக்கும்போது பேசினால், கையை அசைத்தால் எரர் வருவதும் இதனால்தான்.

தரையில் சம்மணமிட்டு, கையை மடியில் போட்டு அளப்பது நம் வீடுகளில் சகஜம். அதுவும் அளவைக் கூட்டும். நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் சும்மா இருங்கள். கை மேஜைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்க வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். அதிகம் காட்டும் கையையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகுமுன் 7 நாள், காலை மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை. முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டில் 135/85 என்பது கிளினிக்கின் 140/90-க்குச் சமம். நல்ல எண் வரும்வரை அமுக்கி, அதை மட்டும் நோட்டில் எழுதுகிறவர்களை என்ன சொல்ல!

180/120 தாண்டினால் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

நாள்பட முதலில் தேய்வது வெல்க்ரோ. காற்று ஏறும்போது சரசரவென்று பிரிந்தால் பட்டையின் ஆயுள் முடிந்தது. குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கி வைத்தால் மடிப்பில் கீறல் விழும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், எண் வராது. மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் முனைகள் அரித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மெஷினையும் கிளினிக்குக் கொண்டுபோய், அங்குள்ள கருவியோடு ஒரே கையில் மாற்றி மாற்றி அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.