வாசலில் சாய்தளம், உள்ளே உடுப்பு மாத்த இடமில்லை

ஊருக்குப் போய் வந்ததில் மற்றதெல்லாம் பரவாயில்லை. எனக்கு இன்னும் ஆறாதது யாழ்ப்பாணப் பட்டணத்துப் புடவைக்கடையொன்றின் உடுப்பு மாத்துகிற அறைதான்.

கலியாணவீட்டுக்குப் பஞ்சாபி எடுக்க மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்ட நாளில் இருந்து அவள் சக்கர நாற்காலியில். கடை வாசலில் சாய்தளம், உள்ளே லிஃப்ட். லண்டன் கடை மாதிரி வந்துவிட்டதே என்று எனக்குச் சரியான சந்தோசம். மாத்துகிற அறையடியில் அது போய்விட்டது. ஒரு சாண் உயரப் படி. உள்பக்கம் திறக்கிற ஒடுக்கமான கதவு. நாற்காலியின் முன்சில்லு மட்டும்தான் உள்ளே போனது. கொக்கி அவளுக்கு எட்டாத உயரத்தில். இருக்க இருந்த ஒரேயொரு ஸ்டூலிலும் சட்டைப்பெட்டிகள்.

"நாங்கள் சீலையை விரிச்சு மறைச்சுப் பிடிக்கிறம் அக்கா" என்று விற்பனைப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் ஆம்பிளைகள் போய்வருகிற இடத்தில் ஒரு பெண் எப்படி உடுப்பைக் கழற்றுவது? "வேண்டாம் பிள்ளை" என்றாள் மச்சாள். "வீட்டை கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ" என்றார் முதலாளி. விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று பில்லிலேயே அடித்திருக்கிறது!

துணி வெட்டுவித்துத் தையற்காரரிடம் அளவு கொடுத்த காலத்தில் இந்த அறைக்கு வேலையில்லை. இப்போது எல்லாம் ரெடிமேட், அதுவும் நிற்கிற உடம்புக்குத் தைத்தது. நாள் முழுக்க இருக்கிறவளுக்குப் பின்னால் இடுப்பு இறங்கும், முன்னால் துணி குவியும். போட்டுப் பார்க்காமல் எடுக்கவே முடியாது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களில் பலர் படுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்துதான் காற்சட்டையை ஏற்றுவார்கள். அதற்கு நாற்காலியின் உயரத்தில், 45 முதல் 50 சென்ரிமீற்றரில், அகலமான வாங்கு வேண்டும். சுவரில் பிடிகம்பி, நாற்காலி திரும்ப 1.5 மீற்றர் வட்டம், வெளியே திறக்கிற அல்லது தள்ளுகிற கதவு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள சின்ன அறைகளின் நடுத்தடுப்பை எடுத்தாலே முக்கால்வாசி சரிவரும்.

இங்கிலாந்தில் 2006 இல் தொடங்கிய 'சேஞ்சிங் பிளேசஸ்' இயக்கம் கேட்பது 12 சதுர மீற்றர் கழிப்பறை, ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ட், பெரியவர் படுக்கிற மேசை. 2021 இல் இருந்து புதிய பெரிய கடைத்தொகுதிகளில் அது கட்டாயம். அவ்வளவையும் யாழ்ப்பாணத்தில் நான் கேட்கவில்லை. ஆனால் இலங்கையிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2006 இன் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சண்டை இத்தனை பேரை நாற்காலியில் இருத்திய ஊரில் அணுகுவசதியை வாசலோடு நிறுத்தலாமா?

மேல்மாடியைத் திருத்தப்போவதாக முதலாளி சொன்னார். அளவுகளைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். "கட்டுறதுக்கு முதல் இவளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ, நாற்காலியோடை வந்து பாத்துச் சொல்லுவாள்" என்றேன். மச்சாளின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். கூப்பிட்டாரா என்று ஒவ்வொரு கிழமையும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.