கொடைக்கானல் ஹோம்மேட் கிஃப்ட் கூடை ரிவ்யூ: எதை சாப்பிட்டோம், எதை தூக்கி போட்டோம்

கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் அனுப்பின கூடை இது. கொடைக்கானல்லயே வீட்டுல வச்சு செஞ்சு விக்கிற ஒரு அக்காகிட்ட ஆர்டர் குடுத்து நேரா எங்க வீட்டுக்கு அனுப்ப சொல்லிருக்காங்க, விலை 1,600 ரூபாய்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. செஞ்சவங்க பேரு போடல, ஏன்னா ஒரு ஐட்டத்தை கொஞ்சம் கடுமையா சொல்லப்போறேன், மத்ததெல்லாம் நல்லாவே செஞ்சிருக்காங்க, ஒரு பாட்டிலுக்காக அவங்க பொழப்புல மண்ணு விழ வேணாம். ஆனா டிசம்பர் வந்தா இங்க வீட்டுக்கு வீடு ரிப்பன் கட்டின பாட்டில் வந்து இறங்குது, பாதி பேரு வாசல்ல சிரிச்சிட்டு வாங்கி அப்படியே குப்பையில போடுறாங்க, மீதி பேரு குடுத்தவங்க மனசு கஷ்டப்படும்னு கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் சாப்பிடுறாங்க. ரெண்டுமே எனக்கு சரியா படல.

உள்ள இருந்தது பேரிக்காய் ஜாம், பிளம் தொக்கு, காளான் ஊறுகாய், மலைப்பூண்டு போட்ட எண்ணெய், தேன், ஹோம்மேட் சாக்லேட், பிளம் கேக், கொஞ்சம் தட்டை. பேக்கிங்குக்கு குறையே சொல்ல முடியாது, எல்லாம் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கே 20 ரூபாய் பசுமை வரி போடுற ஊருக்கு இது பொருத்தம்தான். மூடியும் புதுசு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல துருப்பிடிச்ச மூடியை போட்டு குடுக்குறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணைய) நம்பர் இருக்கு, ஆனா செஞ்ச தேதி ஒண்ணுலயும் இல்ல. நம்பர் இருந்தா முறையா பதிவு பண்ணி விக்கிறாங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான், ஒவ்வொரு பாட்டிலையும் லேப்ல டெஸ்ட் பண்ணி அனுப்புறாங்கன்னு நெனச்சுக்காதீங்க. என்னை கேட்டா அந்த நம்பரை விட தேதிதான் முக்கியம்.

முதல்ல ஜாம், ஏன்னா கூடையில பெஸ்ட் அதுதான். நம்ம ஊரு நாட்டு பேரிக்காய் கடிச்சா கல்லு மாதிரி இருக்கும், பச்சையா தின்னா பல்லு போயிடும், ஆனா ஜாமுக்குன்னே பொறந்த பழம் அது, அந்த நறநறப்பு லேசா நாக்குல தட்டுற மாதிரி விட்டு எலுமிச்சம்பழம் அளவா பிழிஞ்சு இறக்கிருக்காங்க. மலையில ஜாம் காய்ச்ச ஒரு கணக்கு வேணும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், இங்க தண்ணி 93 டிகிரியை ஒட்டியே கொதிச்சிடும், சமையல் புக்குல 105 டிகிரி வந்ததும் இறக்குன்னு போட்டிருக்கிறதை நம்பி இங்க தெர்மாமீட்டர் வச்சு காய்ச்சினா கடைசியில கம்மர்கட்டுதான் கிடைக்கும், 97, 98லயே பதம் வந்துடும். இந்த அக்கா தெர்மாமீட்டரே வைக்கிறதில்லையாம், சில்லுனு இருக்குற தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால கோடு போட்டு பாக்குறாங்களாம். சர்க்கரை கெட்டியா இருக்கு, புளிப்பும் இருக்கு, இந்த மாதிரி ஜாம் யாரு வீட்டுலேருந்து வந்தாலும் தைரியமா சாப்பிடலாம், அதிகபட்சம் மேல பூஞ்சை பூக்கும், பூத்தா மேல மட்டும் வழிச்சு எடுத்துட்டு மிச்சத்தை சாப்பிடுற வேலை வேணாம், மொத்தமா போட்டுடுங்க. எங்க வீட்டுல பூஞ்சை பூக்க நேரமே குடுக்கல, பசங்க வழிச்சு காலி பண்ணிட்டாங்க.

பிளம் தொக்கும் அதே கதைதான், நல்ல புளிப்பு, இட்லிக்கு தொட்டுக்க அருமை. காரம் மட்டும் கூட.

இப்ப அந்த பூண்டு எண்ணெய்க்கு வரேன்.

கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையுறது, வாசனைக்கும் காரத்துக்கும் கேக்கவே வேணாம். அதை உரிச்சு முழுசா எண்ணெய்ல போட்டு மிதமான தீயில வேக வச்சு, காஞ்ச மிளகாய் ரெண்டு போட்டு, பாட்டில் வாய் வரைக்கும் எண்ணெய் ஊத்தி மூடிருக்காங்க. பாக்க அவ்வளவு அழகு. மாமியார் பார்த்ததுமே தோசைக்கு ஊத்தலாம்னு கரண்டியோட வந்துட்டாங்க. நான் வாங்கி வச்சுட்டேன்.

காரணம் என்னன்னா, பூண்டு மண்ணுக்குள்ள விளையுறது, மண்ணுல கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு பாக்டீரியாவோட வித்து இருக்கும். காத்து இருக்குற இடத்துல அது சும்மா கெடக்கும், காத்தே இல்லாம, புளிப்பும் இல்லாம, கொஞ்சம் ஈரத்தோட ஒரு இடம் கிடைச்சா முழிச்சு வளந்து விஷத்தை கக்கும். எண்ணெய்க்குள்ள முங்கின பூண்டு அப்படியே அந்த இடம்தான். நல்லா கொதிக்க வச்சா செத்துடாதான்னு கேப்பீங்க, அந்த வித்து 100 டிகிரிக்கு சாகாது, பிரஷர்ல வச்சு 121 டிகிரி வரைக்கும் ஏத்தினாதான் போகும். எண்ணெய் எவ்வளவு சூடா இருந்தாலும் பூண்டுக்குள்ள ஈரம் இருக்குற வரைக்கும் உள்பக்கம் தண்ணி கொதிக்கிற சூட்டை தாண்டாது, அது இங்க 93. சாதாரணமா கீழ இருக்குறவங்களுக்கு கிடைக்கிற சூடு கூட நமக்கு கிடைக்கல பாருங்க. குக்கர்லயும் அதே பிரச்னை, காத்தழுத்தம் கம்மிங்குறதால நம்ம குக்கர் விசில் போடுறப்ப கீழ மதுரையில போற சூடு போகாது.

இது எங்கயோ நடக்கிற கற்பனை இல்ல. 1985ல கனடா வான்கூவர்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல எண்ணெய்ல போட்ட பாட்டில் பூண்டை ஃப்ரிட்ஜுக்கு வெளிய வச்சு பயன்படுத்தி 36 பேருக்கு இந்த விஷத்தால வர்ற போட்டுலிசம்ங்கிற வியாதி வந்துச்சு, 1989ல நியூயார்க்லயும் இதே பூண்டு எண்ணெயால வந்துச்சு, அதுக்கப்புறம் அமெரிக்காவுல கடையில விக்கிற பூண்டு எண்ணெய்ல கட்டாயம் புளிப்போ கிருமி வளராம தடுக்குற வேற ஏதாவதோ சேக்கணும்னு சொல்லிட்டாங்க. அபூர்வமான வியாதிதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா வந்தா கண்ணு இமை தொங்கும், எல்லாம் ரெட்டை ரெட்டையா தெரியும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சுக்கே வந்துடும். கொடுமை என்னன்னா அந்த விஷத்துக்கு வாடையும் கிடையாது ருசியும் கிடையாது. மாமியார் “நாக்கு நுனில வச்சு பாத்தா தெரிஞ்சிட்டு போகுது, அதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு”ன்னாங்க. காறல் எண்ணெயை நாக்கு கண்டுபிடிக்கும், புளிச்ச மாவை மூக்கு கண்டுபிடிக்கும், இதை எதுவும் கண்டுபிடிக்காது, அந்த நாக்கு நுனியே போதும் ஆஸ்பத்திரிக்கு போக.

போன் போட்டேன். கூடை லேபிள்லயே நம்பர் இருக்கு, செஞ்சவங்களை கேக்குறதுல என்ன வெட்கம். “அக்கா, ஜாம் சூப்பரா இருந்துச்சு, பூண்டு எண்ணெய் எப்ப போட்டீங்க, எலுமிச்சை, வினிகர் ஏதாவது சேத்தீங்களா”ன்னு கேட்டேன். “நவம்பர் கடைசில போட்டதும்மா, அதுல எதுக்கு வினிகர், ருசி போயிடும்ல. எங்க அம்மா காலத்துலேருந்து போடுறோம், ஒண்ணும் ஆகாது, நம்ம ஊரு குளிருக்கு ஃப்ரிட்ஜே தேவையில்ல”ன்னாங்க. கொஞ்சம் முகம் சுருங்கின மாதிரி குரல்.

நம்ம ஊரு குளிருங்கிறது இங்க எல்லாரும் நம்புற விஷயம், அதனாலதான் இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். டிசம்பர் ராத்திரி பனி கொட்டும், சரி. ஆனா பகல்ல அடுப்படி ஷெல்ஃப்ல இருக்குற பாட்டில் 15 டிகிரிக்கு மேலதான் இருக்கும், ஃப்ரிட்ஜ் 4 டிகிரி. நமக்கு நடுங்குற குளிரு அந்த பாக்டீரியாவுக்கு போதுமான சூடு. அவங்க அம்மா காலத்துல போட்டது அநேகமா பூண்டு ஊறுகாயா இருந்திருக்கும், புளியோ எலுமிச்சையோ உப்போ தூக்கலா போட்டது, அது வேற கதை, புளிப்பு நல்லா இருந்தா அந்த வித்து வளராது, பூண்டு ஊறுகாய் யாரு குடுத்தாலும் நான் ரெண்டு வாய் சோறு கூட சாப்பிடுவேன். அதுலேருந்து புளிப்பை எடுத்துட்டு இத்தாலி ஸ்டைல்னு எண்ணெயை மட்டும் வச்சதுதான் வினை. வீட்டுல போட்ட பூண்டு எண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வச்சாலே 4 நாள்தான்னு அமெரிக்காவுல உணவு பாதுகாப்பு ஆளுங்க சொல்றாங்க, இங்க ஒரு மாசம் வெளிய இருந்திருக்கு. இதை எல்லாம் பொறுமையா சொன்னேன், கடைசில “சரிம்மா, ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு இனிமே எழுதிடுறேன்”னாங்க. அது பத்தாது, ஆனா ஒரே போன்ல எவ்வளவு பேச முடியும்.

தூக்கி போடுறதுலயும் ஒரு வேலை இருக்கு. இங்க குப்பைத்தொட்டியை ராத்திரி காட்டுமாடும் பன்னியும் பகல்ல குரங்கும் கிளறும், அதனால எண்ணெயை திறந்து சிங்க்ல கொட்டாம, நாய்க்கு சோத்துல பிசையாம, மூடியை இறுக்கி கவர்ல போட்டு டேப் சுத்தி குப்பை வண்டி வர்றப்ப கையில குடுத்தோம். மாமியார் அன்னைக்கு முழுக்க என்கிட்ட சரியா பேசல, அன்னலட்சுமியை தூக்கி எறியுறேன்னு கோவம்.

காளான் ஊறுகாயையும் முதல்ல ஒதுக்கி வச்சிருந்தேன், அதையும் அதே போன்ல கேட்டேன். காளான் கடையில வாங்கின பட்டன் காளானாம், காட்டுல பறிச்சது இல்ல, வினிகர்லயே கொதிக்க வச்சு எடுத்து அப்புறம்தான் மசாலா எண்ணெய் சேத்திருக்காங்க. திறந்து பார்த்தா வினிகர் மூக்கை தூக்குது. சரின்னு ஃப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் முடிச்சிட்டோம், தயிர் சாதத்துக்கு நல்லா இருந்துச்சு. காட்டுக் காளான்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அதுவும் அந்த கவருக்குள்ள போயிருக்கும், மழைக்கு அப்புறம் சோலைப்பக்கம் முளைக்கிறதை பறிச்சு ஊறுகாய் போட்டு குடுக்குறவங்க எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

தேன் நல்ல தேன், அடியில உறைஞ்சிருக்கு, உறைஞ்சா சர்க்கரைப்பாகு கலந்துட்டாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க, குளிருக்கு நல்ல தேனும் உறையும், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணில வச்சா இளகிடும். ஆனா தங்கச்சி பொண்ணுக்கு எட்டு மாசம், பாட்டிலை பார்த்ததும் எங்க பெரியம்மா ஒரு சொட்டு நாக்குல வைக்க விரலை விட்டாங்க, சேனை வச்ச பழக்கம். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் கூடவே கூடாது, கடைத் தேனும் சேர்த்துதான், நான் மேல சொன்ன அதே வித்து தேன்ல இருக்கலாம், நம்ம வயித்துல அது வளராது, கைக்குழந்தை வயித்துல வளரும். சேனைக்கு தேன் வைக்கிற வீடு இன்னும் நிறைய இருக்கு, இந்த லேபிள்ல அதை ஒரு வரி போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சாக்லேட் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, இங்க ஹோம்மேட்னு விக்கிறதுல முக்காவாசி காம்பவுண்ட் கட்டியை (கோகோ வெண்ணெய்க்கு பதில் வேற கொழுப்பு போட்டது) உருக்கி அச்சுல ஊத்துறதுதான், இதுவும் அப்படித்தான். மேல வெள்ளையா படிஞ்சிருந்ததை பூஞ்சைன்னு பக்கத்து வீட்டம்மா தூக்கி போட சொன்னாங்க, அது கொழுப்பு மேல வந்து படியுறது, ஒண்ணும் பண்ணாது. கேக் நல்ல கேக், பழம் கஞ்சத்தனம் இல்லாம போட்டிருக்காங்க. தட்டை சிக்கு வாடை அடிச்சுது, பழைய எண்ணெய், ஆளை கொல்லாது ஆனா எதுக்கு சாப்பிடணும்னு டீ குடிக்க வந்தவங்களுக்கு கூட வைக்காம போட்டாச்சு.

ஒரு விஷயம், பழனி பஞ்சாமிர்தம் மாதிரி தண்ணியே சேக்காம வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், பேரீச்சம்பழம்னு பிசையுறதை யாரு வீட்டுல செஞ்சு குடுத்தாலும் எனக்கு இந்த பயமெல்லாம் வராது, அவ்வளவு இனிப்புல கிருமிக்கு தண்ணி கிடைக்காது. தேங்காய் போட்ட பொடி, தேங்காய் பர்பி அப்படி இல்ல, அது வந்தா சீக்கிரம் சாப்பிட்டுடணும்.

நாத்தனார்கிட்ட என்ன சொன்னேன்னு கேப்பீங்க. “அண்ணி, ஜாமும் கேக்கும் பசங்க விடவே இல்ல, பூண்டு எண்ணெய் மட்டும் ஒரு மாசம் வெளிய இருந்துச்சாம், அதனால சாப்பிடல, அடுத்த தடவை அதுக்கு பதில் இன்னொரு ஜாம் வச்சிட சொல்லுங்க”ன்னு நேராவே சொல்லிட்டேன். அவங்க வீட்டுக்கும் அதே கூடை ஒண்ணு போயிருந்துச்சு, பாட்டிலை திறக்கல, போனை வச்சதும் எடுத்து போட்டுட்டாங்களாம். பொய்யா எல்லாம் சூப்பர்னு சொல்லிருந்தா அது தோசைக்கு போயிருக்கும்.

5க்கு 3 ஸ்டார். ஜாமுக்கும் தொக்குக்கும் மட்டும்னா நாலரை குடுப்பேன். தனித்தனியாவும் விக்கிறாங்க, பேரிக்காய் ஜாம் பாட்டில் 220, அது வாங்குங்க. இந்த மாதிரி கூடை நீங்க யாருக்காவது அனுப்புறதா இருந்தா பூண்டு எண்ணெயை எடுத்துட சொல்லுங்க, ஒவ்வொரு பாட்டில்லயும் செஞ்ச தேதி எழுத சொல்லுங்க, கைக்குழந்தை இருக்குற வீடுன்னா தேனை மாத்த சொல்லுங்க. மதுரை, திண்டுக்கல் பக்கம் அனுப்புறீங்கன்னா சாக்லேட்டும் வேணாம், வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள எல்லாம் ஒரே கட்டியா ஆயிடும்.