செவ்வாய்க்கிழமை மனநல முகாம்: தம்பியோடு ஏழு மாதம் போய்வந்த அனுபவம்

எங்கள் ஊர் வீராணம் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். தை மாதம் வந்தவன் கொண்டுவந்த பையைக்கூடப் பிரிக்கவில்லை. ராத்திரியெல்லாம் விழித்திருப்பான், பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் பெரியப்பா.

முதலில் டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போனோம். ஐந்து நிமிடம் பார்த்தார். மாத்திரைக்கு மட்டும் 1,850 ரூபாய் ஆனது. என்ன நோய் என்று சொல்லவே இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கத் தூங்கினான். மறுபடி அங்கே போகவில்லை.

முகாமைப் பற்றிச் சொன்னது, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா. 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வருவார். மூன்றாவது முறை வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, நான் வர்றப்பெல்லாம் தம்பி அதே எடத்துல படுத்துக் கெடக்கு. என்னாம்மா ஆச்சு?” என்று கேட்டார். சொந்தக்காரர்களிடம் மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்ததை அந்த ஒரு கேள்வியில் கொட்டிவிட்டேன்.

முகாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கிறது. மருத்துவர் மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வருகிறார். மனநல ஆலோசகர் ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். மற்ற செவ்வாய்க்கிழமைகளில் அவர் உட்காருவதற்கு மகளிர் சுயஉதவிக் குழு தன் அறையைக் கொடுத்திருக்கிறது. மாத்திரை இலவசம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களுக்கும் அதே வரிசைதான். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே தெரியாது. எங்களை மாதிரி ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது.

ஆலோசகர் தம்பியிடம் முதலில் கேட்டது, “தம்பி, காலைல எதாவது சாப்பிட்டீங்களா?” என்றுதான். இல்லை என்று தலையாட்டினான். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு இட்லி வரவழைத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றுமே கேட்காமல் இருந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே புங்கமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தை மாதத்திலிருந்து அவன் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை.

அன்றைக்கே அப்பாவிடமும் ஒரு கேள்வி கேட்டார்: பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது? பரணில், விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில். எங்களுக்கு உதறல் எடுத்தது. 1986-லிருந்து தற்கொலைத் தடுப்பில் இருக்கும் சென்னை ஸ்நேகா அமைப்பு, எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கமே இரண்டு ஊர்களில் பொதுப் பெட்டகம் வைத்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பேங்க் லாக்கர் மாதிரி பெட்டிகளில் விவசாயிகள் மருந்தை வைத்துப் பூட்டுவார்களாம். கோபம், துக்கம் தலைக்கேறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாலே உயிர் தப்பும் என்றார். சாயங்காலமே அப்பா எல்லாவற்றையும் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தார்.

இது மனச்சோர்வு, மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார் மருத்துவர். தம்பி மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டான். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். 14416-க்கு அடித்தேன். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, காசில்லை. தமிழிலேயே பேசினார்கள், அவன் மூச்சு சீராகும்வரை அவசரப்படவில்லை. விடியும்வரை நாங்கள் மாறி மாறிக் கூடவே இருந்தோம். இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வந்த தன்னார்வலர் அக்கா தம்பியின் மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்த்தார். பதினெட்டு மாத்திரை அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆலோசகருக்குப் போன் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். டவுன் மருத்துவமனைக்கு அந்த அட்டையைப் பற்றி எப்படித் தெரிந்திருக்கும்?

குறையும் உண்டு. எங்கள் இரண்டாவது முகாமில் ஊழியர் ஒருவர், “மனநலத்துக்கு வந்தவங்க இந்தப் பக்கம் வாங்க” என்று சத்தமாகக் கூப்பிட்டார். துப்பட்டாவைத் தலையில் போட்டபடி நின்றிருந்த ஒரு பெண் நேரே கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. குழுத் தலைவி அக்கா அன்றே சண்டை போட்டார். அடுத்த மாதத்திலிருந்து டோக்கன் நம்பர் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏழு மாதத்தில் மருத்துவர் மூன்று முறை மாறினார். புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும்போது தம்பி வாடிப்போகிறான். வேலை நாளில் நடப்பதால் சித்தாள் வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தால் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள். இளம்பெண்கள் வருவதே குறைவு. வந்தாலும் அம்மாவோ மாமியாரோ அறைக்குள் கூடவே நிற்கிறார்கள். பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பேச முகாம் நடத்துகிறவர்கள் கட்டாயம் வழி செய்ய வேண்டும்.

தம்பி இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு டிராக்டர் பட்டறைக்குப் போகிறான். வாரத்தில் இரண்டு நாள் போக முடியாமல் படுத்துவிடுவதும் உண்டு. மாத்திரை தொடர்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி முகாம் எந்த நாளில் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ கேளுங்கள், 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பழைய மாத்திரை அட்டை, சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியிலேயே உட்காருங்கள்.