வீட்டு ஹாம் பிபிஎஸ்ஸை இணையத்துக்குத் திறக்க எந்த வழி?

ஹாம்கள் என்றால் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பிபிஎஸ் என்றால் அவர்கள் நுழைந்து செய்தி படித்து எழுதுகிற கணினிப் பலகை. 1200 பாட் பேக்கெட்டில் (ரேடியோவில் மெதுவாகத் தரவு அனுப்பும் முறை) நாலு ஹாம்கள் வந்துபோகிற பிபிஎஸ்ஸை இணையம் வழியாகவும் திறக்கலாமா என்று கேட்டால், திறக்கலாம். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது), விபிஎன் (பூட்டிய தனிப் பாதை), வாடகை சர்வர் என மூன்று வழிகள்.

போர்ட் ஃபார்வர்டிங் ஐந்து நிமிட வேலை, பலர் இதில்தான் இறங்குகிறார்கள். ஆனால் பிபிஎஸ்ஸுக்குள் நுழையும் பழைய வழியான டெல்நெட்டில் கடவுச்சொல் உட்பட எல்லாமே வெட்டவெளியாகப் போகும். 2016இல் மிராய் பாட்நெட் (கைப்பற்றிய கருவிகளின் கூட்டம்) இணைய கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது டெல்நெட்டின் 23, 2323 போர்ட்களில் தொழிற்சாலைக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்துத்தான், அந்த மாதிரித் தேடல் இன்றும் ஓயவில்லை. போர்ட்டை 8010க்கு மாற்றினால் தொல்லை குறையும், பாதுகாப்பு கூடாது. டெல்நெட்டுக்குப் பதில் சாவிக் கோப்பை மட்டும் ஏற்கிற, எல்லாவற்றையும் குறியாக்கம் செய்கிற எஸ்எஸ்எச் என்றால் பரவாயில்லை. ஆனால் உங்கள் இணைய நிறுவனம் பொது ஐபி தராமல் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி) பின்னால் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வயர்கார்டு போன்ற விபிஎன்னுக்கும் ரவுட்டரில் ஒரு யுடிபி போர்ட் திறக்கத்தான் வேண்டும், ஆனால் சரியான சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது, அதனால் தேடி வருகிற தானியங்கி நிரலுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. பலர் கோட்டை விடுவது ஃபயர்வாலில்: பிபிஎஸ் போர்ட்டைத் தவிர மற்றதை அடைக்காவிட்டால், செய்தி படிக்க வந்தவருக்கு வீட்டு நெட்வொர்க் முழுவதும் கிடைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் சாவி கொடுத்து நிறுவச் சொல்ல வேண்டும் என்பதால், தெரிந்த ஹாம்கள் ஏழெட்டுப் பேருக்கு இது அருமை, ஊருக்கெல்லாம் திறப்பதற்கு ஆகாது.

பொதுவில் திறக்க எனக்குப் பிடித்தது மூன்றாவது. வெளியே ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு ரிவர்ஸ் டன்னல் (வீட்டுக் கணினியே வெளியே போய்த் திறந்து வைக்கிற பாதை) போட வேண்டும். ரவுட்டரில் ஓட்டை வேண்டாம், சிஜிநாட்டிலும் ஓடும், வீட்டு ஐபியும் வெளியே தெரியாது. மாத வாடகையும் அப்டேட் வேலையும் நம் தலையில்தான். இன்னொன்று, எஸ்எஸ்எச் ரிவர்ஸ் டன்னலில் வருகிறவர்கள் எல்லாரும் வீட்டுப் பெட்டிக்கு 127.0.0.1 ஆகத்தான், அதாவது அந்தப் பெட்டியின் சொந்த முகவரியாகத்தான், தெரிவார்கள். அங்கே ஃபெயில்2பேன் (தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிற முகவரியைத் தடுக்கும் நிரல்) ஓடி அந்த முகவரியைத் தடுத்தால் எல்லாருக்கும் கதவு சாத்தியாச்சு! தடுப்பை வாடகை சர்வரிலேயே வையுங்கள். பிபிஎஸ்ஸின் வெப் பக்கத்துக்கான எச்டிடிபிஎஸ்ஸும் (குறியாக்கப் பாதை) அங்கேதான்.

எந்த வழியானாலும் பெரிய ஆபத்து ரேடியோ பக்கம். உள்ளே வந்தவர் நோடு ப்ராம்ப்டில் (ரேடியோவை இயக்குகிற கட்டளை வரி) சி, அதாவது கனெக்ட், என்று அடித்து ஓர் அழைப்புக்குறியை (ஒரு நிலையத்தின் ரேடியோப் பெயர்) கொடுத்தால், உங்கள் டிரான்ஸ்மிட்டர் உங்கள் உரிமத்தில் அலையேறும். அவர் உரிமம் இல்லாதவராக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். லின்பிபிக்யூ என்கிற பிபிஎஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பயனர் வரியிலேயே கடவுச்சொல்லோடு அழைப்புக்குறியையும் கட்டிவிடலாம், நேராக பிபிஎஸ்ஸில் இறக்கியும் விடலாம். தானே பதிவு செய்துகொள்கிற வசதி வேண்டாம், உரிமத்தைப் பார்த்து நீங்களே கணக்குத் திறந்து கொடுங்கள். விருந்தினருக்குப் படிக்க மட்டும் அனுமதி. இணையத்தில் எழுதிய செய்தி, நீங்கள் பார்த்து விடுகிற வரை ஹோல்டில் (வெளியே போகாமல் நிறுத்தி) கிடக்கட்டும். குறியாக்கம் செய்ததை ஹாம் அலைவரிசையில் அனுப்பப் பெரும்பாலான நாடுகளில் தடை உண்டு, ஆனால் அது அலைக்குத்தான், இணையப் பாதையைத் தாராளமாகப் பூட்டலாம்.

என் ஓட்டு இப்படி: சிஸ்ஆப் (பிபிஎஸ்ஸை நடத்துபவர்) வேலைக்கு வயர்கார்டு, மற்றவர்களுக்கு வாடகை சர்வர் வழியாக வெப் பக்கம், டெல்நெட் வீட்டுக்குள் மட்டும்.