வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கரண்ட் மிச்சம்: சில வருட அனுபவம்

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததும், பிறகு கட்டணம் ஏறியதும் சேர்ந்துதான் எங்கள் வீட்டை மீற்றர் பார்க்க வைத்தது. சுற்றுச்சூழல் அக்கறை பிறகு வந்தது, மறைப்பானேன். அன்றிலிருந்து மாற்றியவற்றில் எவை இன்றும் உழைக்கின்றன என்பதை எழுதுகிறேன்.

முதலிடம் பிஎல்டிசி எனப்படும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டர் உள்ள சீலிங் ஃபானுக்கு. பழைய ஃபான் 70, 75 வோட் இழுக்கும். இது முழு வேகத்திலேயே 30, 35தான். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் ஒரு ஃபானில் மாதம் 12 யூனிட் மிச்சம். கொழும்புப் புழுக்கத்தில் பத்து மணித்தியாலத்தோடு ஃபானை நிற்பாட்டும் வீடு எது? மூன்றையும் மாற்றிய பிறகு மாத லைட் பில் 180 யூனிட்டுக்குள் வந்து நின்றது. அதைத் தாண்டினால் யூனிட் விலையோடு நிலையான கட்டணமும் கூடும் என்பதால், அந்தக் கடைசிச் சில யூனிட்டுகளுக்குத்தான் பெறுமதி அதிகம்.

குறையும் உண்டு. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேற்றரை வயரிங் பாஸைக் கொண்டு கழற்றிவிட வேண்டும், இந்த ஃபான் அதோடு ஒத்துப்போகாது. வேகம் கூட்டக் குறைக்க றிமோட்தான். "பிள்ளை, இந்தச் சனியனைக் கடலில எறிஞ்சிட்டு என்ர பழைய ஃபானைப் போட்டுத் தா" என்று மாமி ஒரு வருடம் சொன்னா. இப்போது றிமோட்டை நூலில் கட்டித் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறா.

ஏசி ஒரு அறையில் மட்டும். 26 பாகையில் வைத்து ஃபானையும் மெதுவாக ஓடவிட்டால் தாராளம். ஆனால் ஏசியை விடப் பெரிய உதவி செய்தது பல்கனியில் கட்டிய மூங்கில் தட்டி. மேற்குப் பார்த்த வீடு, பின்னேர வெயில் நேரே கண்ணாடியில் விழும். உள்ளே எவ்வளவு தடித்த திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய வெக்கை அறைக்குள்தான் நிற்கும். தட்டி அதை வெளியிலேயே மறிக்கிறது. கடல் உப்புக்காற்றில் தட்டியின் கயிறு இற்றுப்போகும், ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். அதே உப்பு ஏசியின் வெளிப்பெட்டியையும் அரிக்கும், கழுவாமல் விட்டால் குளிர் குறைந்து கரண்ட் கூடும்.

கந்தோர்க் கதை வேறு. கொள்ளுப்பிட்டியில் 20 பாகை ஏசியில் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். 24க்கு ஏற்றச் சம்மதம் வாங்கவே மாதங்கள் ஆயின. இந்தியாவில் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 2020இலிருந்து, ஓன் பண்ணியதும் தாமாக 24 பாகையில்தான் தொடங்குகின்றன என்று காட்டியபோது நிர்வாகம் கொஞ்சம் இளகியது. தாழ்வாரத்தில் பூட்டிய சென்சர் லைட்டுகள் மட்டும் படுதோல்வி. அசையாமல் நின்று தொலைபேசியில் கதைப்பவர்களை இருட்டில் விட்டன, யாரோ டேப் ஒட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் செலவே இல்லாதது நேரத்தை மாற்றியது. மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை நாடு முழுக்க உச்ச நேரம். சோலார் ஓய்ந்துவிடும், மழை பொய்த்த மாதங்களில் நீர்மின்சாரமும் கைகொடுக்காது. அப்போது எண்ணெய் எரிப்பதுதான் வழி. பகலிலோ நிலைமை தலைகீழ்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. ஆகவே உடுப்புத் தோய்ப்பதையும் பிள்ளைகளின் ஐந்து நாள் வெள்ளைச் சீருடை அயன் பண்ணுவதையும் ஞாயிறு மத்தியானத்துக்குத் தள்ளினோம். சாதாரண வீட்டு மீற்றரில் இதனால் ஒரு ரூபாயும் குறையாது, அதற்கு, உச்ச நேரத்தில் யூனிட் விலை கூடி மற்ற நேரத்தில் குறையும் நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாற வேண்டும். ஏசியும் சமையலும் உச்ச நேரத்தில்தான் நடக்கிற எங்கள் வீட்டுக்கு அது கட்டாது. இருந்தும் ஞாயிறு அயனை விடவில்லை. வியாழக்கிழமைச் சட்டை கொஞ்சம் கசங்கியிருக்கும் என்பதைத் தவிர வேறு முறைப்பாடில்லை.

ஃபான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மோட்டர் உத்தரவாதத்தைக் கேட்பதோடு நிற்காமல், உள்ளே இருக்கும் சர்க்கியூட் போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்றும் கடையில் கேளுங்கள். எங்கள் மூன்றில் ஒன்று இடி மின்னலோடு போனபோது பழுதானது அந்தப் போர்டுதான், மோட்டர் அல்ல.