சேதி சொல்ல எது நல்லது: வாட்ஸாப் குழுவா, இணையதளமா, போன் சங்கிலியா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் நாலு ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிறு தேயிலை விவசாயிகள் 140 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேதி போக என்ன வழி என்று மாதக்கணக்கில் பேசி, கடைசியில் ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட்டுச் சேதி சொல்லும் போன் சங்கிலிதான் என்று முடிவெடுத்தோம். அதற்காக அதிகம் மல்லுக்கு நின்றவன் நான். கூடலூரிலோ கொடைக்கானலிலோ இதே யோசனையில் இருக்கும் சங்கங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வாட்ஸாப்பின் வசதியைச் சொல்லவே வேண்டாம். டீ போர்டு அறிவிக்கும் மாத விலை, கொப்புள நோய் பட்ட இலையின் படம், கூட்டத் தேதி எல்லாம் நொடியில் போய்விடும். ஆனால் 2023-இல் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு நட்டக்கல்லில் உண்ணாவிரதம் நடந்த சமயத்தில் எங்கள் குழு அட்மினுக்கு ஒரு போன் வந்தது. “குரூப் உங்க பேர்லதானே இருக்கு?” அவ்வளவுதான் கேட்டார்கள். அன்று ராத்திரியே அவர் குழுவை விட்டுப் போனார். மறுநாள் இன்னும் இரண்டு பேர். அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் அடுத்தவர் பதிவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. இணையத்தில் எழுதியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. இதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொன்னேன். “கோர்ட்டுக்கு யாரு அலையறது தம்பி?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொந்த இணையதளம் வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் ஒரே ஒரு கார்ட்டூனுக்காக விகடன் தளம் முழுவதையும் முடக்கினார்கள். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடச் சொல்லி, திறக்க வழி பிறந்தது. அவ்வளவு பழைய பத்திரிகைக்கே வக்கீல் வைத்துப் போராட வேண்டியிருந்தது. இலை விற்று வாழ்கிற நாங்கள் எங்கே போவோம்? இணையமே இல்லாமல் ப்ளூடூத்தில் பேசும் பிரையர் செயலியையும் இரண்டு போன்களில் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு தேயிலைச் சரிவு வந்ததும் விட்டுப்போனது. தவிர, ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று 2023 மே மாதம் மத்திய அரசு தடுத்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரே கேள்வி. இணையத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தால், அன்றைக்கு எது வேலை செய்யும்?

இது எங்கோ நடப்பதல்ல. 2018 மே 22-இலும் மறுநாளும் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். மே 23-லேயே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. உயிர் போன ஊரில், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்தாக வேண்டிய நாட்களில், அடைக்கப்பட்டது இணையம்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் எல்லாமே போனது. லேண்ட்லைன், செல்போன், இணையம், ஒன்றுகூட மிச்சமில்லை. ஆக, போன் சங்கிலியையும் அறுக்க முடியும், அதை மறைக்கவில்லை. ஆனால் எது எப்போது திரும்பி வந்தது என்று பாருங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் லேண்ட்லைன்கள். அக்டோபர் 14-இல் போஸ்ட்பெய்டு செல்போன் பேச்சு. 2020 ஜனவரியில் பிரீபெய்டு பேச்சும் எஸ்எம்எஸ்ஸும், அனுமதித்த தளங்களுக்கு மட்டும் 2ஜி. 4ஜி வந்தது 2021 பிப்ரவரியில். முதலில் வந்தது குரல், கடைசியில் வந்தது வேகமான இணையம். நடுவில் ஒன்றரை வருஷம். பட்டன் போனில் ஒருவரை ஒருவர் கூப்பிடப் பழகிய ஊர் அதில் பெரும்பகுதியைத் தாண்டிவிடும். வாட்ஸாப்பை மட்டும் நம்பிய ஊர் காத்துக்கிடக்கும்.

காஷ்மீரில் இப்படி நிறுத்தியதை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் 2020 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிறுத்த உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது. பிறகு வந்த விதிகளில் ஓர் உத்தரவுக்கு 15 நாள் என்று வரம்பும் வந்தது. நல்லது. ஆனால் வெளியிட்ட உத்தரவைப் படித்து வழக்குப் போடுவதற்குள் எங்கள் கூட்டம் முடிந்திருக்கும், விலை முடிவாகியிருக்கும்.

எங்கள் ஏற்பாடு இதுதான். 14 பேர் தலைவர்கள், ஒவ்வொருவர் பொறுப்பிலும் அவர் உட்பட பத்துப் பேர். எண்கள் இலை ஷெட்டில் தொங்கும் நீல அட்டை நோட்டில் மையால் எழுதியிருக்கின்றன. முதல் ஒத்திகையில் “பத்து மணிக்குக் கூட்டம்” என்றது மூன்றாவது ஆளிடம் “பத்தாம் தேதி கூட்டம்” ஆகிவிட்டது. அதிலிருந்து சேதியை எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டிய பிறகுதான் போனை வைக்கிறோம். யார் யாரைக் கூப்பிட்டார் என்ற பதிவு கம்பெனியிடம் இருக்கும், போலீஸ் கேட்டால் கொடுப்பார்கள். அந்த விஷயத்தில் இது வாட்ஸாப்பைவிடப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் “உங்க பேர்லதானே இருக்கு” என்று கேட்க இதில் ஒரு பெயர் கிடையாது.

எங்கள் பக்கம் நிறுத்த உத்தரவு எதையும் நான் அனுபவித்ததில்லை. மழைதான் எங்களுக்கு ஒத்திகை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய வாரத்தில் எங்கள் ஹட்டியில் டவரே செத்தது, குரலும் போனது. உத்தரவால் வரும் முடக்கமும் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது.

போன மாத ஒத்திகையில் சாயங்காலம் ஏழு பத்துக்குத் தொடங்கி ஏழு ஐம்பதுக்கு முடித்தோம். 11 பேருக்குப் போகவில்லை. பள்ளத்தில் சிக்னல் எட்டாத வீடுகள். அவர்களுக்கு எடை போடும் பையன் டார்ச்சோடு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஷெட்டுக்கு லேண்ட்லைன் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். வாட்ஸாப் குழுவைக் கலைக்கவில்லை, இலைப் படங்கள் அதில்தான் போகின்றன.