ஓவர்கமிட் 0 ஆ, 2 ஆ?

ஓவர்கமிட் எண்டது, இருக்கிற மெமரிய விடக் கூட புரோகிராமுகளுக்கு வாக்குக் குடுக்கிறது; லினக்ஸ்ல vm.overcommit_memory எண்ட செட்டிங்தான் அத தீர்மானிக்கும். உப்புவெளி ஒஃபிஸ்ல எங்கட லினக்ஸ் சேர்வர் 4 ஜிபி ராம், ஸ்வாப் (ராம் நிரம்பினா பாவிக்க டிஸ்க்ல ஒதுக்கிற இடம்) இல்ல. டிஃபோல்ட் 0 ல கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி), அப்பட்டமா அளவுக்கு மிஞ்சிக் கேட்டாத் தவிர, கேக்கிற புரோகிராமுகளுக்கு ஓமெண்டு மெமரி வாக்குக் குடுத்திட்டு, உண்மையா முடிஞ்சாப்பிறகு ஓஓஎம் கில்லர (மெமரி முடிஞ்சா ஏதாவதொரு புரோகிராம நிப்பாட்டுறது) அனுப்பும், ஒருநாள் பின்னேரம் எங்கட டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸையே தூக்கிட்டுது, dmesg எண்ட கேர்னல் பதிவில ஒரு வரிதான் மிச்சம்.

சரியெண்டு 2 போட்டன். இது கறார்க் கணக்கு, ஸ்வாப் முழுக்க, அதோட ராம்ல 50 வீதம், அதுக்கு மேல வாக்குக் குடுக்காது. எங்களுக்கு 2 ஜிபியில நிண்டிட்டுது, மெமரி பாக்கிற ஃப்ரீ கொமாண்ட் அடிச்சா இடம் கிடக்கு, ஆனா ஃபைல் பட்டியல் பாக்கிற எல்எஸ் அடிச்சாலும் ஃபோர்க் பண்ணேலாதாம் (புதுப் புரோசஸ் தொடங்கேலாதாம்)! விசர்தான். அந்த 50 வீத ரேஷியோவ 80 ஆக்கி 2 ஜிபி ஸ்வாப் ஃபைலும் போட்டாப்பிறகு சரி.

டேட்டாபேஸ் ஓடுற மெஷினுக்கு 2, போஸ்ட்கிரெஸ் கைநூலும் அதைத்தான் சொல்லுது. பிரவுசர் ஓடுற லெப்டொப்ல 0 வ தொடாதேங்கோ.